வாசிக்காமல் விட்ட வரி

விஜயராணி இன்னொரு ஆளின் சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீலக் கட்டம் போட்ட சேட்டு. அரைக்கை. ரெண்டாவது பொத்தான் மட்டும் வேற. அது எங்கேயோ கழண்டு விழுந்திட்டுது. பங்கர்க் குழிக்குள்ள இருந்து, என்ர சட்டைப் பொத்தான் ஒண்டை வெட்டி நான்தான் தச்சுவிட்டனான். வெள்ளைப் பொத்தான். நூல் கறுப்பு."

அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த புகழ்வேந்தனின் கை அப்படியே நின்றது. பதினாறு வருடத்துக்கு முந்தைய பொத்தான். தைத்த நூலின் நிறம்கூட நினைவிருக்கிறது. அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். வெள்ளைச் சட்டை. அவளோடு குடித்தனம் தொடங்கிப் பதின்மூன்று வருடம் ஆகிறது. நாளைக்கு அவனைக் காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அவள் என்ன அடையாளம் சொல்வாள்? வெள்ளைச் சட்டை என்பாள். பாகூரில் பாதிப் பேர் வெள்ளைச் சட்டைதான்.

முன்னறையில் அவளுக்கு எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவள் வக்கீல் சுவேதா. கிருமாம்பாக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டி அவளைச் சட்டம் படிக்க வைத்தார்கள். இப்போது போர்க்குற்றங்களுக்குச் சாட்சி திரட்டும் ஓர் அமைப்பில் இருக்கிறாள். இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்த கடைசி நாட்களில், பாலம் தாண்டி வந்த சனத்திலிருந்து ராணுவம் பலரைத் தனியாகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றியது. ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. ஏற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பாகூரில், ஏரிக்குப் போகிற தெருவில், பத்திரம் எழுதுகிற புகழ்வேந்தனின் மனைவியாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் சுவேதா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

அதற்கு முன் அவள், அந்த பஸ்ஸில் ஏறிய கந்தையா தயாபரனின் மனைவியாகவும் இருந்தவள். இருந்தவளா, இருப்பவளா என்பதுதான் புகழ்வேந்தனைப் பதின்மூன்று வருடமாக அரித்துக்கொண்டிருந்தது.

செத்த ஆளாக இருந்தால் அவனுக்குக் கவலையே இல்லை. செத்தவனுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு மாலை, வருடத்துக்கு ஒரு நாள். அதோடு முடிந்தது. தயாபரனுக்குப் படமே கிடையாது. எல்லாம் போரில் போய்விட்டது. முகம் தெரியாத ஆளோடு எப்படிப் போட்டி போடுவது? முதல் வருடம் புகழ்வேந்தன் தானாகவே அவனுக்கு ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொண்டான். அது எப்படியோ அழகான முகமாக அமைந்துவிட்டது. அப்புறம் மாற்ற முடியவில்லை.

போர் முடிந்த நாளான மே பதினெட்டாம் தேதி, ஒவ்வொரு வருடமும் விஜயராணி அகல் விளக்கு ஏற்றுவாள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. மூன்றுதான். கல்யாணம் முடிந்து வந்த முதல் மேயில், பெரிய மனதோடு கேட்பதாக நினைத்துக்கொண்டு, "அவருக்கு ஒன்னு ஏத்தலியா?" என்று கேட்டான்.

"அவர் பஸ்ஸில ஏறினவர்" என்றாள். பிறகு வந்த ஒவ்வொரு மேயிலும் அவன் விளக்குகளை எண்ணினான். மூன்றுக்கு மேல் நான்கு ஆகவில்லை.

இன்னொன்றும் அவனைக் குத்தியது. அவனோடு பேசும்போது விஜயராணிக்கு இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டிருந்தது. "இன்னாங்க, வூட்டுக்கு எப்ப வருவீங்க" என்று போனில் கேட்பாள். கேட்கிறவர்கள் வேற்றூர்க்காரி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தயாபரனைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், பூட்டி வைத்த பெட்டியைத் திறந்ததுபோல அவளுடைய பழைய தமிழ் அப்படியே வெளியே வந்தது. அந்தப் பெட்டியைத் தனக்காக அவள் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

டீயைக் கொண்டுபோய் வைத்தான். சுவேதா ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"அண்ணே, டீக்கு தேங்க்ஸ். ஆனா நீங்க இங்க நிக்கக் கூடாது."

"நான் இன்னா வாயத் தொறந்தேனா?"

"தொறக்க வேணாம்ணே. அக்கா உங்க மூஞ்சியப் பாத்தாலே போதும், சொல்ல வந்தத கொஞ்சம் மாத்திடுவாங்க. அதான் எல்லாரையும் தனியா வெச்சுக் கேக்கறோம்."

அவன் கொல்லைப்புறம் போய் முருங்கை மரத்தடியில் நின்றான். ஜன்னல் திறந்திருந்தது.

பொறாமை ஒரு பக்கம் இருந்தாலும், இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவனின் காது இன்னொரு பக்கம் வேலை செய்தது. அந்தப் பெண் கேட்கிற விதம் அவனுக்குப் பிடித்துப்போனது. "பஸ் பச்சையா?" என்று அவள் கேட்பதில்லை. "பஸ் எப்படி இருந்தது?" என்றுதான் கேட்கிறாள். கேள்வி கேட்கிறவளே நிறத்தைச் சொல்லிவிட்டால் அது அவளுடைய சாட்சியாகிவிடும். கண்ணால் பார்த்ததைத் தனியாகவும், பிறர் சொல்லிக் கேட்டதைத் தனியாகவும் எழுதுகிறாள். ஒவ்வொரு பத்திக்கும் எண். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறாள். சொத்தின் நான்கு எல்லையும் சுத்தமாக எழுதிய பத்திரம் மாதிரி இருந்தது.

அன்று சுவேதா கிளம்பும்போது வாசலில் அவளிடம் கேட்டான்.

"இதெல்லாம் சரிம்மா. பொத்தான் இன்னாத்துக்கு?"

சுவேதா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அக்காவத் தெரியாத ஒரு அம்மா கனடாவுல இருப்பாங்க. அதே பாலம், அதே நேரம். அவங்க புருசன் ஏறுன பஸ்ஸுல, பக்கத்துல நீலச் சட்டைக்காரர், வெள்ளப் பொத்தான் ஒன்னு தனியாத் தெரிஞ்சுதுன்னு அவங்க சொல்லியிருந்தா? ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கல. அப்ப அந்த பஸ் நெசம். பஸ் நெசம்னா ஓட்டுனவன் நெசம், ஏத்தச் சொன்னவன் நெசம்."

"இனப்படுகொலைன்னு எல்லாரும் சொல்றோமே. அப்புறம் இன்னாத்துக்கு ஒவ்வொரு பஸ்ஸா எண்ணிகினு?"

"நாம சொல்றது வேறண்ணே, கோர்ட்டு சொல்றது வேற. இத்தன பேரு செத்தாங்கன்னு காட்டினா மட்டும் பத்தாது. ஒரு இனத்த, அந்த இனம்ங்கிறதுக்காகவே அழிக்கணும்னு நெனச்சாங்கன்னு காட்டணும். நெனப்ப எவனும் எழுதி வெக்க மாட்டான். அப்ப இன்னா பண்றது? ஒரே மாதிரி பிரிச்சாங்க, ஒரே மாதிரி ஏத்துனாங்க, கேட்டா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பதில் சொன்னாங்கன்னு ஆயிரம் பேர் வாயால வரணும். அந்த ஒழுங்குலேர்ந்துதான் நெனப்பப் படிக்கணும். அது இனப்படுகொலையா, வேற பேரான்னு கோர்ட்டு முடிவு பண்ணட்டும். எந்தப் பேரா இருந்தாலும், நடந்தது இதுன்னு மொதல்ல பேப்பர்ல ஒக்காரணும்."

"எந்தக் கோர்ட்டு?"

"இன்னிக்கு எந்தக் கோர்ட்டும் இல்ல. பத்திரமாப் பூட்டி வெப்போம். சில நாடுங்கள்ல, குத்தம் எங்க நடந்தாலும் அவங்க கோர்ட்டுலயே விசாரிக்கலாம்னு சட்டம் இருக்குது. சம்பந்தப்பட்டவன் ஒரு நாள் அங்க போய் எறங்குவான். அன்னிக்குப் பேப்பர் தயாரா இருக்கணும். செஞ்சவன் ஒருத்தன் மாட்டாமலே செத்தான்னா, அடுத்து செய்யப் போறவனுக்கு அதான் தைரியம். பழச முடிக்காம புதுசத் தடுக்க முடியாதுண்ணே."

"அதுக்குள்ள கெடு தாண்டிடாதா? எங்க தொழில்ல எல்லாத்துக்கும் ஒரு கெடு உண்டு."

"ஒருத்தரத் தூக்கினு போயி இல்லன்னு சொன்னாங்கன்னா, அவருக்கு இன்னா ஆச்சின்னு தெரியற வரைக்கும் அந்தக் குத்தம் நடந்துகினேதான் இருக்குது. சர்வதேசச் சட்டம் அப்படித்தான் பாக்குது. பதினாறு வருசத்துக்கு முன்னாடி நடந்தது இல்ல. இதோ, நாம பேசறப்பவும் நடக்குது."

எவ்வளவு அழகான சட்டம் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. அப்படியானால் தயாபரன் இன்னும் அந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேதான் இருக்கிறான். நீலச் சட்டையில், அவள் தைத்த பொத்தானோடு.

சுவேதா ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, போகிற போக்கில் ஒன்று கேட்டாள். "ஆமா, அக்கா இதுக்கு முன்னாடி தயாபரன் பத்தி எங்கயாச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களா? மனு, பிரமாணப் பத்திரம், எதுனா?"

"இல்ல" என்றான் புகழ்வேந்தன். யோசிக்காமல் வந்த பதில்.

ஒன்று இருந்தது. பீரோவில், கல்யாணச் சான்றிதழுக்குப் பின்னால்.

2012 ஜூன். அதற்கு முந்தைய வருடம் அகதி முகாமிலிருந்து ஒரு மனு எழுத வந்தவள்தான் விஜயராணி. இரண்டாவது மனுவுக்கு வந்தபோது அவனுக்கு அவளைத் தெரியும். நான்காவது மனுவுக்கு அவனே ஒரு காரணத்தை இட்டுக்கட்டி அவளை வரவைத்தான். அந்த ஜூனில் அவர்கள் கல்யாணத்தைக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் பதிய வேண்டியிருந்தது. முதல் கணவர் என்ன ஆனார் என்று கேட்பார்கள். இறந்துவிட்டார் அல்லது விவாகரத்து. இரண்டில் ஒன்றுக்குத் தாள் வேண்டும். காணவில்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஏழு வருடம் ஓர் ஆளைப் பற்றித் தகவலே இல்லையென்றால், கோர்ட்டில் கேட்டு இறந்தவராகக் கருதிக்கொள்ளலாம். அன்றைக்கு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இன்னும் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த நான்கு வருடத்துக்குள் தயாபரன் திரும்பி வந்துவிட்டால்?

அவனே பிரமாணப் பத்திரம் தயாரித்தான். நான்காவது பத்தி: "எனது முந்தைய கணவர் 15.05.2009 அன்று ஷெல் வீச்சில் இறந்துவிட்டார்."

புகழ்வேந்தனுக்குத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. எந்தப் பத்திரமும் "படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டேன்" என்றுதான் முடியும். மற்ற எழுத்தர்கள் அந்த வரியை அச்சடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவன் நிஜமாகவே வாசித்துக் காட்டுவான். கிழக்கே ராமசாமி மனை, மேற்கே வாய்க்கால் என்று எல்லைகூட விடாமல், எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தாமல். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஒரு பத்தியைத் தாண்டினான். மூன்றாவது பத்தியை வாசித்துவிட்டு நேராக ஐந்துக்குப் போனான். எதிரே இருந்தவள் அவனை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரே கிரயப் பத்திரத்தை மூன்று தடவை பிரிண்ட் எடுத்தான். பத்திரப் பதிவு ஆபீஸ் வாசல் தகரப் பந்தலுக்கடியில் அடுத்த மேசைக்காரன் செல்லப்பன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"இன்னா புகழு, பேப்பர் ஆலை வெச்சிருக்கியா?"

"கண்ணு சரியில்லபா."

"கண்ணா, மனசா? அந்த வக்கீல் பொண்ணு உன் வூட்டுக்கு வந்துகினு இருக்குதாமே. உன் வூட்டுக்காரியோட மொத ஆளத் தேடிக் குடுக்கப் போவுதா?"

"வேலையப் பாருடா."

"பயப்படாத. பன்னண்டு வருசம் தாண்டிடிச்சி இல்ல? அனுபோகம் உன்னுது. அவன் வந்து நின்னாலும் கேஸ் நிக்காது, போ."

டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். "வாயக் கழுவுடா நாயே" என்று புகழ்வேந்தன் எழுந்துவிட்டான். செல்லப்பன் திடுக்கிட்டுப் போனான். இருபது வருடம் கேலி பேசிப் பழகியவர்கள். விஷயம் என்னவென்றால், அடுத்தவர் மனையைத் தடையில்லாமல் பன்னிரண்டு வருடம் அனுபவித்தவனுக்கே அது சொந்தம் என்கிற அந்தக் கணக்கை அவனே ரகசியமாகப் போட்டு வைத்திருந்தான். போன வருடம் ஜூனில் பன்னிரண்டு வருடம் நிறைந்த அன்று, காரணம் சொல்லாமல் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தான். இன்னா விசேஷம் என்று விஜயராணி கேட்டதற்கு, சும்மாதான் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை சுவேதா வாக்குமூலத்தைத் தமிழில் அச்சடித்துக் கொண்டுவந்தாள். கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. இந்தத் தடவை அவனையும் உட்காரச் சொன்னாள்.

"முழுசாப் படிச்சுக் காட்டுவேன் அக்கா. ஒரு வார்த்த தப்புன்னாலும் நிறுத்துங்க."

வாசிக்கத் தொடங்கினாள். ஒரு வரியையும் தாண்டவில்லை. பதினோராவது பத்தியில் புகழ்வேந்தன் இதுவரை கேட்டிராத ஒன்று வந்தது.

"ஒலிபெருக்கியில், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயரைப் பதியலாம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று அறிவித்தார்கள். என் கணவரைக் கட்டாயமாகப் பிடித்து இயக்கத்தில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். அவர் போகத் தயங்கினார். பதிந்துவிட்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன்."

விஜயராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம். நான்தான் போங்கோ எண்டனான்" என்றாள். "ஏறேக்க ஒருக்காத் திரும்பிப் பார்த்தவர். நான் கையைக் காட்டினனான், போங்கோ எண்டு."

பதின்மூன்று வருடம் பக்கத்தில் படுத்தவளுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. போன வாரம் வந்த ஒரு பெண்ணிடம், எண் போட்ட பத்தியில் சொல்லியிருக்கிறாள். இப்போது அவன் தயாபரன்மேல் மட்டும் பொறாமைப்படவில்லை. அந்தக் காகிதத்தின்மேலும் பொறாமைப்பட்டான்.

சுவேதா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவர் இறந்துவிட்டதாக இதற்கு முன் நான் எங்கும் எழுத்தில் சொன்னதில்லை." நிமிர்ந்து பார்த்தாள். "சரியா அக்கா? இத நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதிர்ல நிக்கிற வக்கீல் மொதல்ல இதத்தான் தோண்டுவான். மாத்திச் சொன்ன ஒரு பேப்பர் கெடச்சாப் போதும், பொத்தான், பஸ்ஸு, எல்லாத்தையும் பொய்யின்னு தூக்கிப் போட்டுருவான்."

"ஒருநாளும் சொன்னதில்லை" என்றாள் விஜயராணி. "அவர் செத்திட்டார் எண்டு என்ர வாயால ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

சுவேதா பேனாவை நீட்டினாள்.

அந்த நேரத்தில் புகழ்வேந்தனுக்குள் ஒரு குரல் தெளிவாகப் பேசியது. பேசாமல் இரு. என்றைக்கோ ஒரு நாள், எங்கேயோ ஒரு நாட்டில், யாரோ ஒரு வக்கீல் பாகூர்ப் பஞ்சாயத்துக் கோப்பிலிருந்து அந்தப் பிரமாணப் பத்திரத்தின் நகலை எடுப்பான். வாக்குமூலம் விழும். பஸ்ஸும் பொத்தானும் விழும். தயாபரன் அவன் எழுதிய இடத்திலேயே, 15.05.2009-இல், செத்தவனாகவே இருப்பான். நான்காவது விளக்கு ஏற்றியாக வேண்டும்.

அவள் பேனாவை வாங்கினாள். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. இத்தனை வருடமும் ஒரு சொல் தவறாமல் காத்து வைத்ததை ஒப்படைக்கிறவளின் பெருமை. தான் ஒன்றைக் காத்துவிட்டதாக அவள் நம்புகிறாள். அது பதின்மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியாது. எடுத்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"ராணி, கையெழுத்துப் போடாத" என்றான்.

எழுந்து போய் பீரோவைத் திறந்தான். சான்றிதழுக்குப் பின்னாலிருந்த தாளை எடுத்து வந்து, சுவேதாவிடம் நீட்டாமல் விஜயராணியிடமே கொடுத்தான். நான்காவது பத்தியில் விரலை வைத்தான்.

அவள் வாசித்தாள். திரும்ப வாசித்தாள். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"இதை நீங்க எனக்கு வாசிக்கேல்ல."

"இல்ல."

"மிச்சமெல்லாம் வாசிச்சனீங்கள். எனக்கு ஞாபகம் இருக்கு. இதை வாசிக்கேல்ல."

"ஆமா. இது ஒன்ன மட்டும் தாண்டிட்டேன்."

அவள் தாளை மடியில் வைத்து நீவினாள். "பதினாறு வருசமா நான் ஒரு விளக்குக்கூட வைக்காத ஆளுக்கு, நீங்க அண்டைக்கே கொள்ளி வைச்சிட்டியள்" என்றாள்.

அவனைப் பற்றி அவள் தன் பழைய தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. இதற்காகத்தான் அவன் இத்தனை வருடம் ஆசைப்பட்டிருந்தான்.

விஜயராணியின் மடியிலிருந்த தாளைச் சுவேதா எட்டிப் படித்தாள். அவள் குரலில் கோபம் இருந்தது. ஆனால் கை ஏற்கனவே லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தது. "இத மறைக்கக் கூடாது. அவங்க கண்டுபுடிச்சா அது ஓட்ட. நாமளே முன்னாடி வெச்சா அது விளக்கம். அக்காவோட வாக்குமூலத்துல இதச் சேத்து எழுதறேன். கூடவே எழுதுனவர் யாரோ அவர் தனியா ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும். எப்படி எழுதுனாரு, ஏன் எழுதுனாரு, படிச்சுக் காட்டுனாரா இல்லையா, எல்லாம்."

"குடுக்கிறேன்."

"அவசரப்படாதீங்கண்ணே. பொய்ப் பிரமாணம் குத்தம். உங்க எழுத்தர் லைசென்ஸ் போவலாம். கல்யாணப் பதிவையே யாராச்சும் கேள்வி கேக்கலாம். தெரிஞ்சுகினு சொல்லுங்க."

கல்யாணப் பதிவு என்றதும் அவன் விஜயராணியைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

"வெள்ளத் தாள் குடு" என்றான்.

லேப்டாப் வேண்டாம் என்று கையாலேயே எழுதினான். முதல் இரண்டு பத்தி தண்ணீராக ஓடியது. பெயர், தொழில், யாரைப் பற்றிய பத்திரம், தேதி. மூன்றாவதில், "படிவத்தில் காணாமல் போனவர் என்பதற்கு இடம் இல்லாத காரணத்தால்" என்று எழுதி சுவேதாவிடம் காட்டினான்.

"அது மட்டுமா காரணம்?" என்றாள் அவள். "அப்படின்னா படிச்சுக் காட்டியிருப்பீங்களே. படிவம் இப்படி இருக்குதும்மா, இன்னா செய்யலாம்னு கேட்டிருப்பீங்களே. எதிர் வக்கீல் இதக் கேப்பான்."

தொழில்காரனுக்கு அது புரிந்தது. காரணம் சரியாக உட்காராத பத்திரம் எங்கே ஆடும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெருவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய் முடிந்தது.

அப்புறம் அதன் கீழே எழுதினான். "என் மனைவி என்னிடம், அவர் உயிரோடு பஸ்ஸில் ஏற்றப்பட்டார் என்றே எப்போதும் சொல்லி வந்தார். இறந்துவிட்டார் என்ற வாசகம் என்னுடையது. அவர் திரும்பி வந்துவிடுவார் என்று பயந்தேன். அவர் உயிரோடு இருக்கக் கூடாது என்று நான் விரும்பினேன். அதனால் அப்படி எழுதினேன். அந்த வரியை மட்டும் என் மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை."

எழுதி முடித்து நாற்காலியை விஜயராணியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மேலே இருந்து வாசித்தான். தன் பெயரை, தகப்பன் பெயரை, கதவு எண்ணை, லைசென்ஸ் எண்ணை. எந்தப் பத்தியையும் தாண்டவில்லை. "விரும்பினேன்" என்ற இடத்தில் குரல் இறங்கியது. மறுபடி அந்த வரியை முதலிலிருந்து வாசித்தான்.

"சரியா?" என்று கேட்டான். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"மேல ஒண்டு பிழை" என்றாள் விஜயராணி. "முதல் பந்தியில. 'என் மனைவியின் முந்தைய கணவர்' எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"ஆமா."

"முந்தைய எண்டு ஆர் சொன்னது? அதை வெட்டுங்கோ. அவரின்ர பேரையும் முழுசாப் போடுங்கோ."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் தெரியவில்லை, சமாதானமும் தெரியவில்லை. சாட்சி சொல்ல வந்தவளின் முகமாக இருந்தது. "அப்ப நான்?" என்று கேட்கத்தான் நினைத்தான். அதற்கும் அவள் தெரியாது என்று சொல்லிவிடலாம். தெரியாததைத் தெரியாது என்றுதான் அவள் சொல்வாள்.

அந்தச் சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான், கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. அப்படித்தான் அடிக்க வேண்டும்; மை பூசி மறைக்கக் கூடாது. 'கணவர்' என்ற சொல்லுக்கு மேலே இருந்த இடத்தில் கந்தையா தயாபரன் என்று எழுதினான். அவனுடைய கையால் அந்தப் பெயரை எழுதுவது அதுவே முதல் தடவை. எழுத்து சீராகவே வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு பக்கத்தின் அடியில், தொழில் முறைப்படி, "இப்பக்கத்தில் அடித்தல் ஒன்று, சேர்த்தல் ஒன்று" என்று குறித்து, அருகே சுருக்கொப்பமிட்டான். சுவேதா தாளை வாங்கக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"இரும்மா" என்றான். "மாத்தினத இன்னொரு வாட்டி படிச்சுக் காட்டணும்."

முதல் பத்தியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினான். விஜயராணி இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வரியும் தப்பிவிடாதபடி.